மேலாளரை விட்டுப் போன மியூ

பிரேக் லைனிங் தொழிற்சாலையின் மேலாளரை உராய்வு கைவிட்டது. தங்கள் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, பஸ் விபத்தில் தப்பெல்லாம் டிரைவருடையதுதான் என்று அவர் போலீஸில் சொல்லிவிட்டு வந்த மறுநாள் காலை, பல் துலக்கும்போது அது நடந்தது. பிரஷ் கையில் நிற்கவில்லை. குனிந்து எடுக்கப் போனவர் குளியலறையிலிருந்து கூடம் வரை வழுக்கிக்கொண்டே போய், சுவரில் முட்டி, அதே வேகத்தில் திரும்பி வந்தார். மனைவி சோப்புத் தண்ணீர் சிந்தியிருக்கும் என்று தரையைத் துடைத்தாள். துடைத்த தரையிலும் அவர் நிற்கவில்லை. மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை, ஊர் அவ்வளவு கோபத்தில் இருந்தது.

வீட்டுக்கு ஒருவர் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்ததால், பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவர்களுக்கும் அங்கே மியூ தெரியும். அது ஒரு கிரேக்க எழுத்து, முன்னங்காலைக் கீழே நீட்டிய கிண்ணம் மாதிரி இருக்கும். புள்ளியியல்காரர்கள் அதைச் சராசரிக்கு வைத்திருக்கிறார்கள், நுண்ணிய அளவுகளைப் பார்க்கிறவர்கள் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு. பிரேக் செய்கிறவர்களுக்கு மியூ என்றால் உராய்வு. ஒரு பொருளை இன்னொன்றின் மேல் அழுத்துகிறோம் அல்லவா, அந்த அழுத்தத்தில் எத்தனை பங்கு வழுக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது என்று சொல்லும் எண். கிலோவும் கிடையாது, மீட்டரும் கிடையாது. காய்ந்த சாலையில் டயருக்கு ஒன்றை நெருங்கி வரும், பனிக்கட்டியில் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். பிரேக்கில் அது விழுந்துவிட்டால், மிதித்த கால் மிதித்தபடி இருக்க, வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பரிசோதனைக் கூடத்துப் பொறியாளர் ஒரு பெண். பெற்றோர் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், அந்தத் தம்பி மலைப்பாதையில் பஸ் ஓட்டினான். சக்கரத்தை உரசி நிறுத்தும் லைனிங்குக்கென்று புதிதாக வந்த மலிவான கலவையை அவள் சுழலும் டிரம்மில் தேய்த்துப் பார்த்தாள். ஆறியிருக்கும்போது பிரமாதமாகப் பிடித்தது. சூடு ஏற ஏற மியூ சரிந்து, கடைசியில் வெண்ணெய் தடவினாற்போல் ஆனது. இதை விற்கக் கூடாது என்று நேரே போய்ச் சொன்னாள். மேலாளரோ ஆறியபோது வந்த மியூவையும் கொதித்தபோது வந்த மியூவையும் கூட்டி வகுத்தார். சராசரி தேறிவிட்டது.

"மலையில இருந்து இறங்குற பஸ் சராசரியிலயா சார் இறங்கும்?" என்று கேட்டாள்.

"எதுக்கெடுத்தாலும் டென்ஷன் ஆகாதீங்க மேடம்" என்றார்.

அந்த லைனிங் மாட்டிய தம்பியின் பஸ் சராசரியில் இறங்கவில்லை. கொதிக்கிற சக்கரங்களோடு, புகையைக் கக்கிக்கொண்டு இறங்கியது. தம்பி பிரேக்கின் மேல் ஏறி நின்றே பார்த்துவிட்டு, பள்ளத்தில் விழுவதற்குப் பதிலாகப் பாறையில் கொண்டுபோய் மோதினான். ஒரு பக்கத்து இருக்கைகளில் இருந்தவர்கள் அத்தனை பேரும் செத்தார்கள். மிச்சப் பேரைக் காப்பாற்றியவனை ஜெயிலில் போட்டார்கள். இதை எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கூட்டி வகுத்தவர் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கினார், மிதித்தவன் கம்பி எண்ணினான்.

உராய்வு போன பிறகு மேலாளர் தூங்கியது தொட்டிலில்தான், கட்டிலில் இருந்தால் விடிவதற்குள் வாசலில் கிடப்பார். சோற்றை மனைவிதான் ஊட்டினாள். ஆபீசுக்கு இரண்டு பேர் கக்கத்தில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பெரிய டாக்டர்கள் பார்க்க வந்தார்கள், அவர்கள் கைக்கும் அவர் சிக்கவில்லை. ஒருநாள் பரிசோதனைக் கூடத்து வழியே வழுக்கிப் போனவர் அந்தப் பெண் மேல் மோத, அவள் ஆத்திரத்தில் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பிடி நின்றது. அவள் கையில் மட்டும் அவருக்கு மியூ இருந்தது. மனுஷர் அழுதுவிட்டார்.

"விட்டுடாதம்மா. என்ன வேணும்னாலும் கேளு."

"கோர்ட்ல வந்து, சூட்டுல எவ்வளவு வந்துச்சுன்னு சொல்லுங்க. என் தம்பி வெளிய வரணும்."

அவள் பிடித்திருக்க, அவர் கூண்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். தம்பி விடுதலையானான். செத்தவர்கள் செத்தவர்கள்தான். அபராதம் கட்டிவிட்டு மேலாளர் வெளியே வந்தார், கார் வரைக்கும் விட்டுவிடச் சொல்லி அவளைக் கெஞ்சினார். நீதிமன்றப் படிகளில் பாதி வரை அவள் பத்திரமாகக் கூட்டி வந்தாள். அங்கே கையை எடுத்துவிட்டாள்.

"பாதி தூரம் பிடிச்சேன், பாதி தூரம் விட்டேன். சராசரி பார்த்துக்குங்க சார்."

படிகளைத் தாண்டி, சரிவுச் சாலையில் இறங்கி, ஊரின் பள்ளமான தெருவுக்குள் அவர் போய்ச் சேர்ந்தார். இரண்டு முனையும் உயர்ந்து நடுவில் குழிந்த தெரு அது. இந்த மேட்டில் ஏறித் திரும்பி, அந்த மேட்டில் ஏறித் திரும்பி, வருஷக்கணக்காக அங்கேயே போய்வந்துகொண்டிருக்கிறார். தடுத்து நிறுத்த உராய்வு இல்லையே. மனைவி ஜன்னலோரம் நின்று, அவர் கடக்கும்போது வாயில் ஒரு கவளம் வைக்கிறாள். கடைக்காரர்கள் தட்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

தம்பி அப்புறம் எந்த வண்டியையும் தொடவில்லை. ஒரு சாயங்காலம் அக்காவும் அவனும் அந்தத் தெருவைக் கடக்க நின்றார்கள். மேட்டிலிருந்து மேலாளர் வருவது தெரிந்தது. இல்லாத பிரேக்கைத் தேடி அவருடைய வலது கால் தரையை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அக்கா, நீ பிடிச்சா நின்னுடுவாரு. நிக்காம போறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்க்கா."

அவள் கை கொஞ்சம் எழுந்தது. பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டது.

"எனக்கு இன்னும் மனசு வரலடா" என்றாள்.

அவர் கடந்து போகும்வரை காத்திருந்து, இருவரும் எதிர்ப்பக்கம் போனார்கள்.