பீச்சாங்கைக்காரி

உர்சுலாவுக்கு ஒன்பது வயதுவரை புத்தி நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அதைத் திருத்தக் கிளம்பினார்கள்.

அவள் அம்மா சாந்தமேரி கேரி தீவு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். மிச்சம் இந்த ஒரு மகள். கரித்துண்டு கிடைத்தால் போதும், குடியிருக்கும் லயத்துச் சுவரை நிரப்பிவிடுவாள். அண்டை வீட்டார் பெயர், ஆட்டுக்குட்டியின் பெயர், கோயிலில் கேட்ட பெயர், எல்லாம் இடது கையால்.

கிள்ளானில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் தோட்டத்துப் பிள்ளை ஒருத்திக்கு வருஷத்துக்கு ஒரு இடம். சோறும் படுக்கையும் அங்கேயே. பரீட்சை வைக்க வரும் இன்ஸ்பெக்டர் தொரை யாரைக் கைகாட்டுகிறாரோ அவளுக்குத்தான். மற்றவர்களெல்லாம் வாளி தூக்கிக்கொண்டு மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கப் போக வேண்டியதுதான். மகள் வாளி தூக்கக் கூடாது. சாந்தமேரிக்கு இருந்த ஆசை அந்த ஒன்றுதான்.

தோட்டப் பள்ளி வாத்தியார் ரெங்கசாமி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“எழுத்து முத்து முத்தா இருக்கு, மேரி. ஆனா பீச்சாங்கை. கழுவுற கையால சரஸ்வதியத் தொட்டா படிப்பு தங்குமா?”

“எங்களுக்கு ஏதுங்க சரஸ்வதி?”

“சரி, ஒங்க சாமி இடது பக்கம் யார நிப்பாட்டுதாம்?”

சாந்தமேரிக்கு அது தெரியும். தீர்ப்பு நாளில் இடது பக்கம் நிற்பவை நரகத்துக்குப் போகும் வெள்ளாடுகள் என்று உபதேசியாரே சொல்லியிருக்கிறார்.

“தொரை வர்றதுக்குள்ள சோத்தாங்கைக்கு மாத்திடு. இல்லன்னா எம்மூஞ்சியில காறித் துப்புவாரு.”

பழைய சேலையைக் கிழித்து மகளின் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினாள் சாந்தமேரி. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் பிரம்பு முடிச்சுக்குக் காவல். வலது கை பிடித்த பலப்பம் சிலேட்டில் வழுக்கியது. எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி விழுந்தது. சில வாரங்களில் பேச்சும் திக்க ஆரம்பித்தது.

“ஒம்மவளுக்கு யாரோ செய்வினை வச்சுபுட்டாங்கடி” என்றாள் பக்கத்து வீட்டு நல்லம்மாள்.

வாத்தியார் ஒன்றும் அதிரவில்லை. “நான் சொல்லல? பீச்சாங்கைக்காரங்களுக்கு மூள மந்தம். இப்பத்தான் வெளிய தெரியுது.”

மாட்டின் காலைக் கட்டிவிட்டு, நொண்டுகிறது பார் என்று சொல்கிற புத்தி. அந்தப் புத்திக்குத்தான் மாதா மாதம் சம்பளம்.

தொரை வருவதற்கு முதல் நாள். சாந்தமேரி ரப்பர் காட்டிலிருந்து வந்தபோது, மகள் முடிச்சைப் பல்லால் அவிழ்த்துவிட்டுச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தாள், இடது கையால். கோணல் இல்லாமல், அழகாக ஒரே ஒரு பெயர்: சாந்தமேரி. தாய்க்கு வாசிக்கத் தெரியாது. கரி பிடித்த கையை மட்டும் பார்த்தாள்.

“அடி பாவி, நாளைக்குத் தொரை வராருடி!”

கரண்டியை அடுப்பில் காய்ச்சி எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

மறுநாள் பெற்றவர்கள் பள்ளிக்கூடத்து ஜன்னலோரம் நின்றார்கள். தொரை அரைகுறைத் தமிழில், “உன் பேர் எழுது” என்றார். வாழையிலை சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் கிறுக்கினாள் உர்சுலா.

“சொல்லு.”

“உ... உ... உ...”

“கையில் என்ன?”

“அடுப்புல சுட்டுக்கிச்சுங்க, தொரை” என்றார் வாத்தியார். தொரை அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டார்.

எல்லாம் முடிந்து மேசையில் உட்கார்ந்தார். வாத்தியார் பேனாவை வலப்பக்கம் நீட்டினார். தொரை அதை இடது கையால் வாங்கினார். அதே கையால் நிதானமாக எழுதினார். ஒருவரும் சிரிக்கவில்லை. வாத்தியார் மைப்புட்டியை இரண்டு கையாலும் பயபக்தியோடு எடுத்து இடப்பக்கம் நகர்த்தி வைத்தார்.

இடம் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகள் தனலெட்சுமிக்குப் போனது. தொரையின் கார் படகுத்துறைப் பக்கம் திரும்பும்வரை சாந்தமேரி பொறுத்திருந்தாள்.

“வாத்தியாரே, தொரை எந்தக் கையில எழுதுனாரு?”

“அது தொரை கை, மேரி.”

“பீச்சாங்கைதானே?”

“பெரிய அறிவாளிங்க சில பேரு அப்பிடித்தான் எழுதுவாங்களாம்.”

“அவரு ஆத்தா மட்டும் ஏன் கரண்டி காய்ச்சல?”

வாத்தியார் பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

புண் ஆறியபோது உள்ளங்கைத் தோல் சுருங்கி, விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. மகள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் முதல் நாள் விடியலில், சாந்தமேரி வாளியை அவளிடம் நீட்டினாள்.

“பீச்சாங்கையிலயே புடிடி, கண்ணு. இனிமே ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்.”

உர்சுலா அந்தக் கையை நீட்டினாள். வாளிக் காதைப் பிடிக்க விரல் விரியவில்லை. வாளி விழுந்து உருண்டது. அடி விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு கையையும் தாயின் முன்னால் நீட்டினாள்.

“எ... எந்தக் கைம்மா?”