ஐஸில் படுத்த ரத்தம்

நல்லது செய்யப் போய் வம்பை விலைக்கு வாங்குவதில் ஊசிக்காரரை மிஞ்ச ஆள் கிடையாது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து ஆஸ்பத்திரி லேபில் சேர்ப்பது அவர் வேலை. ஏற்கெனவே இரண்டு தப்புக்கு எச்சரிக்கை வாங்கியவர். மூன்றாவது வந்தால் சீட்டு கிழிந்துவிடும்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. காலை ஏழு மணிக்குத் தையல்காரரிடம் எடுத்த ரத்தம் கெட்டுவிடக் கூடாதே என்று ஐஸ் கட்டிகளுக்கு நடுவே படுக்கவைத்து, நண்பகலில் கொண்டுவந்து கொடுத்தார். பொட்டாசியம் 6.7 என்றது மிஷின். ஐந்துக்குள் இருக்க வேண்டியது. தையல்காரருக்குச் சிறுநீரகம் கொஞ்சம் மந்தம், அதனால் டாக்டரும் நம்பிவிட்டார். உடனே வரவழைத்துப் படுக்கவைத்தார்கள்.

லேப் அக்காவுக்கு மட்டும் உறுத்தியது. "பொட்டாசியம் இவ்வளவு ஏறினா இசிஜியில தெரியணுமே, அது நல்லா இருக்கேண்ணே. ரத்தத்தை எதுல வெச்சிருந்தீங்க?"

"ஐஸ்லதான்..." என்று மென்று முழுங்கினார்.

"போச்சு போங்க. ஒவ்வொரு செல்லுலயும் ஒரு பம்பு இருக்குண்ணே. பொட்டாசியத்தை உள்ள இழுக்கும், சோடியத்தை வெளிய தள்ளும். குளிர்ல அது படுத்துடும், உள்ள இருக்கறது வெளிய கசியும். இது அவர் உடம்புல இருக்கற அளவே இல்ல. இதை நம்பி பொட்டாசியத்தைக் குறைக்க மருந்து ஏத்தினா இதயத்துக்கே ஆபத்து. நான் போன் போடறேன்."

போன் எடுப்பாரில்லை. வேலையா, அந்த மனுஷன் உயிரா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் பாழும் மனசு ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு மாடிக்கு ஓடினார்.

"டாக்டர், நிறுத்துங்க. ரத்தத்தை ஐஸ்ல வெச்சிட்டேன். தப்பு என்னோடது."

ஏற்றப்போன மருந்தை டாக்டர் நிறுத்தினார். மறுபடி ரத்தம் எடுக்க நர்ஸைக் கூப்பிட்டார். தையல்காரரின் மனைவி பார்த்த பார்வையில் ஊசிக்காரர் கூனிக் குறுகிப்போனார்.

தையல்காரர் சட்டைக் கையைச் சுருட்டி, நர்ஸை விட்டுவிட்டு ஊசிக்காரர் பக்கம் நீட்டினார். "அவரே எடுக்கட்டும்."

"இவரா?" என்றாள் மனைவி.

"அளவைத் தப்பா எடுத்துட்டு, நீங்கதான் குண்டாயிட்டீங்கன்னு சொல்ற ஆளுங்க எங்க தொழில்ல நிறைய. இவரு ஓடி வந்து சொல்லிட்டாரே."

ஊசிக்காரரே எடுத்துக் கொடுத்த ரத்தத்துக்கு அரை மணியில் முடிவு வந்தது. 4.6. அந்த அம்மாள் அழுதுகொண்டே கைகூப்பினாள். "நீங்க சொல்லலேன்னா இவர் என்ன ஆகியிருப்பாரோண்ணே."

வேலை இருக்குமா போகுமா என்று ஊசிக்காரருக்கு இன்னும் தெரியாது. அது நினைவிலும் இல்லை. நம்பி நீட்டிய அந்தக் கைக்கு எப்படி நன்றி சொல்வது என்றுதான் தேடிக்கொண்டிருந்தார்.