பிரான்ஸ் மாத்திரை

மூட்டிலிருந்து உறிஞ்சி எடுத்த நீரில் கிருமி எதுவும் வளரவில்லை என்றார் டாக்டர் ஜானகிராமன். நல்ல சேதி சொல்கிற முகமாக அது இல்லை.

மதலேனுக்கு உட்கார்ந்தபடியே தூங்கிவிடலாம் போலிருந்தது. கணவர் ஜாக்குக்கு முழங்கால் மூட்டு மாற்றி எட்டு மாதம். அதில் மூன்று மாதமாக முட்டி வீக்கம், காய்ச்சல். அவரைக் கக்கூசுக்குத் தாங்கிப் போய்த் தாங்கி வந்ததில் அவள் முதுகு விட்டுப்போயிருந்தது.

"ரத்தத்துல இன்ஃபெக்ஷன் காட்டுது. முட்டி கொதிக்குது. நீர்ல மட்டும் ஒண்ணும் இல்லன்னா எப்படி? ஆன்டிபயாட்டிக் ஏதாச்சும் சாப்புடுறீங்களா சார்?" என்று கேட்டார் டாக்டர்.

"நானா?" என்றார் ஜாக். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய். "இந்த ஊரு மாத்திரைய நான் தொடறதே இல்ல."

அதில் பொய் இல்லை. அதுதான் வினை. பிரான்சில் துலூஸ் நகரத்திலிருந்து அவர் தங்கை ஆன் வரும்போதெல்லாம் பெட்டி நிறைய ஆன்டிபயாட்டிக் மருந்து கொண்டுவருவாள். ஜாக்குக்கு அது மருந்தே இல்லை, சீஸ், சாக்லேட் மாதிரி வீட்டுச் சாமான். காய்ச்சல் அடித்தால் இரண்டு நாள் விழுங்குவார், விட்டதும் நிறுத்திவிடுவார்.

"எந்தக் கிருமின்னு தெரியாம மருந்து குடுக்குறது குருட்டாம்போக்கு," என்றார் டாக்டர். "முத்திப்போனா காலுக்கே ஆபத்து."

"சாப்புடுறாரு டாக்டர்," என்றாள் மதலேன். "பிரான்ஸ் மாத்திரை. போன வாரம் நீர் எடுக்க வந்தப்பகூட போட்டுக்கிட்டுதான் வந்தாரு."

"வாய மூடு, மதலேன்."

"இவ்ளோ நாளு மூடிக்கிட்டுதான இருந்தேன்? ஒரு கால் போனா தூக்க லேசா இருக்கும்னு எனக்காகப் பாக்குறீங்களா?"

டாக்டர் பெருமூச்சு விட்டார். "அரைகுறையா சாப்புட்டா கிருமி சாவாதும்மா, பதுங்கிக்கும். சோதனையில தெரியாது. ரெண்டு வாரம் அத நிறுத்துங்க. திரும்ப எடுப்போம். ஜுரம் ஏறுனா உடனே கூட்டியாந்துடுங்க."

மதலேன் மருந்துகளைப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஜாக் கக்கூசுக்குப் போக மட்டும் அவளைக் கைதட்டிக் கூப்பிட்டார். வலி கூடினால் பிரெஞ்சில் திட்டினார்.

இரண்டாம் முறை எடுத்த நீரில் கிருமி வளர்ந்தது. அதைக் கொல்லும் மருந்தும் தெரிந்துவிட்டது.

"கால் தப்பிச்சிச்சு," என்றார் டாக்டர். "ஆனா வீங்குன வாரமே வந்திருந்தா கழுவி விட்டுட்டே மூட்டக் காப்பாத்தியிருக்கலாம். இப்பக் கழட்டியாகணும். மருந்து கலந்த சிமெண்ட வெப்போம். கிருமி ஒழிஞ்சப்புறம்தான் புது மூட்டு."

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவைப் பார்த்ததும் ஜாக் நின்றார்.

"புது மூட்டு வெக்கிற வரைக்கும் நான் எப்படி நடக்குறது?"

"இப்ப எப்படி நடக்குறீங்களோ அப்படித்தான்."

அவர் கையை நீட்டினார். மதலேன் குனிந்து தோளைக் கொடுத்தாள். முதுகில் சுரீரென்றது.

"தம்பி, இன்னும் கிட்ட வா," என்று ஆட்டோக்காரனைக் கூப்பிட்டாள்.