மருதாணி ஊறும் நேரம்

எங்கள் ஊரில் ஒரு பெண் மூட்டையும் வாளியுமாக வீட்டை விட்டுப் போனால் யாரும் கேள்வி கேட்காத ஒரே இடம் ஹம்மாம் என்கிற பொது வெந்நீர்க் குளியல்கூடம்தான். துண்டு, மாற்றுத்துணி, கறுப்பு சோப்பு எல்லாம் எடுத்துக்கொண்டுதானே குளிக்க வரவேண்டும்? உள்ளே வந்தால் நாலு மணி நேரம் ஆகும். பெண்கள் குளிக்கிற நேரத்தில் எந்த ஆம்பளையும் உள்ளே வந்து தேட முடியாது. இதை வைத்துத்தான் அடி தாங்காத ஏழு பேரை மெக்னஸ் நகரத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றியிருந்தேன். நான் தாமு, இங்கே முதுகு தேய்ப்பவள். யார் முதுகில் என்ன தழும்பு என்று புருஷனுக்கு அடுத்தபடி எனக்குத்தான் தெரியும்.

எட்டாவது ஆள் இத்தோ. மலைக்காரப் பெண், இருபத்திரண்டு வயது. அவள் புருஷன் பூஅஸா பெல்ட்டால் அடிப்பான், பக்கிள் இருக்கிற பக்கமாகப் பார்த்து. மெக்னஸில் அடிபட்ட பெண்களுக்கு அடைக்கலம் கொடுக்கிற மையத்துக்காரர்கள் அவளுக்கு ஒரு அறையும், அடுக்கு ரொட்டி போடுகிற கடையில் வேலையும் பார்த்து வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை அவள் மாவின் முன்னால் நிற்க வேண்டும். சனிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸை விட்டால், அவன் அவளை மறுபடி வெளியே விடப் பதினைந்து நாள் ஆகும். அதற்குள் என்ன ஆகுமோ.

ஒன்பது மணிக்கு இத்தோ வந்தாள். பின்னாலேயே அவள் மாமியார் மஹ்ஜூபா, கையில் இன்னொரு வாளியோடு.

இத்தோவைச் சூடான அறையின் மூலைக்கு இழுத்துப்போய், "இவங்களை ஏன்டி கூட்டிட்டு வந்தே?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் ரொட்டிச் சூளைக்காரன் பெண்டாட்டி வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவள் காதில் ஒன்று விழுந்தால் மசூதி ஒலிபெருக்கியில் சொன்ன மாதிரி.

மகன் வேவு பார்க்க அனுப்பியிருக்கிறான், வேறென்ன? என் புத்திக்கு அதற்கு மேல் எட்டவில்லை. கிழவியைக் கட்டிப்போட ஒரு வழி தோன்றியது. தலையில் மருதாணி அப்பிவிட்டால் ரெண்டு மணி நேரம் அசைய முடியாது. வெளியே பனி. ஈரத் தலையோடு இறங்கினால் ஜன்னி என்று பயப்படாத பெண் எங்கள் ஊரில் இல்லை.

"மருதாணி போட்டு விடட்டுமா, லல்லா? காசு வேணாம்." பெரியவர்களை நாங்கள் லல்லா என்றுதான் கூப்பிடுவோம்.

"இன்னைக்கு வேண்டாம்மா." மஹ்ஜூபா இத்தோவைப் பார்த்தாள்.

"தலையைப் பாருங்க, அடுப்புச் சாம்பலாட்டம் கிடக்கு."

சூளைக்காரி சிரித்தாள். "போட்டுக்க மஹ்ஜூபா. இந்தத் தாமு ஓசியில குடுக்கிறது அதிசயம்டி. வேண்டாம்ங்கிறியே, எங்கயாச்சும் அவசரமாப் போகணுமா என்ன?"

அதற்கு மேல் மஹ்ஜூபா மறுக்கவில்லை. நான் உச்சி முதல் பிடரி வரை சாணி மெழுகுவது போல் மெழுகினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தில் இருந்தது கோபமா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பத்து மணி. இத்தோவுக்குக் கண்ணைக் காட்டினேன். அசையவில்லை. பத்தேகால். இத்தோ இன்னும் மாமியார் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஏழு பேரும் கதவைக் காட்டியதும் ஓடியவர்கள். இவளுக்கு என்ன கேடு?

பத்தரைக்குச் சூளைக்காரி தண்ணீர் பிடிக்க எழுந்து போனாள். நான் இத்தோ மேல் பாய்ந்தேன்.

"ஏன்டி உக்காந்திருக்கே? அடி பழகிப்போச்சா? இதுக்கா நான் ஊர் ஊரா ஃபோன் பண்ணிக் கெஞ்சினேன்?"

சொன்ன மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் அழ ஆரம்பித்தாள்.

"அவளைத் திட்டாதே," என்றாள் மஹ்ஜூபா, கண்ணைத் திறக்காமல். "எனக்காகத்தான் இருக்கா. என் தலையில சேறு அப்பினது நீதானே?"

தன் வாளியை என் பக்கம் தள்ளினாள். துண்டுக்கு அடியில் கம்பளிக் காலுறை, மாத்திரைப் பட்டை, அடையாள அட்டை.

"நீங்களுமா? அவன் உங்க மகன், லல்லா."

"தெரியாம உளறாதே." மணிக்கட்டை நீட்டினாள். உடைந்து கோணலாகச் சேர்ந்த எலும்பு. எத்தனை வருஷமாக அந்தக் கையைத் தேய்த்திருக்கிறேன். கிணற்றடியில் விழுந்தேன் என்று ஒருமுறை சொன்னாள், நானும் நம்பினேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

கழுவ நேரமில்லை, சூளைக்காரி திரும்பி வந்துவிடுவாள். அவள் தலையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, மேலே ரெண்டு முக்காடு கட்டி, ஜெல்லாபா அங்கியின் தலைத்தொப்பியை இழுத்துவிட்டேன். பத்தே முக்கால். வாசல் திரையருகே வந்ததும் கிழவி நின்றுவிட்டாள்.

"தாமு, நீ இவளை மட்டும் அனுப்பு. இவ கிட்ட நான் ஒண்ணு சொல்லலே." பிறகு இத்தோவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள். "கல்யாணத்துக்கு முன்னாடி நான்தான் அவன்கிட்ட அடி வாங்கிட்டிருந்தேன். ஒருத்தி வந்தா என்னை விட்டுருவான்னுதான் மலையேறி வந்து உன்னைப் பொண்ணு கேட்டேன்."

என் கை திரையிலேயே நின்றது. இவளையா இத்தோவோடு அந்த அறைக்கு அனுப்புவது? இவளை இங்கே விட்டால் நாளைக்கு அவன் யாரை அடிப்பான்? எந்தப் பக்கம் யோசித்தாலும் தப்பாகவே பட்டது. நல்லவேளை, முடிவு என்னுடையதாக இல்லை.

இத்தோ கண்ணைத் துடைத்தாள்.

"தெரியும். மொத நாளே தெரியும். அவர் என்னை அடிக்கிறப்போ நீங்க கதவைச் சாத்திட்டு நிம்மதியாத் தூங்கினீங்க." வாளியை எடுத்துக்கொண்டாள். "எனக்கு மலைப் பாஷைதான், ஊர் அரபி சரியா வராது. டிக்கெட் வாங்க நீங்க வேணும். வாங்க. ஆனா மெக்னஸ்ல நீங்க கதவைச் சாத்தக் கூடாது."

கிழவி தலையை ஆட்டினாள். மருதாணியின் பச்சைச் சாறு அவள் நெற்றியில் வழிந்தது.

அது மன்னிப்பா தண்டனையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வாசலில் நின்று பார்த்தேன், பஸ் ஸ்டாண்டு வரை கிழவி மருமகளுக்கு ரெண்டடி பின்னால்தான் நடந்தாள்.