சூடு ஆறும்வரை

“இன்னொரு தடவை உதை,” என்றாள் கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா.

தம்பி பூட்ஸ் காலால் சுவரை ஓங்கி உதைத்தான். மாட்டியிருந்த கண்ணாடி நடுங்கியது. சமையலறையிலிருந்து அத்தான் தலையை நீட்டினார்.

“வீட்டுக்காரர் வந்து கேட்டா நான் என்னன்னு சொல்றது? பேய் புகுந்துடுச்சுன்னா?”

“பனிச்சுவர் ஏறப் பழகுறான்னு சொல்லுங்க.” அதைச் சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. மூக்கில் செருகியிருந்த குழாயில் ஆக்ஸிஜன் மெல்லச் சீறியது. “விரல் முன்னாடி இடிக்குதா?”

“இடிக்கலை.”

“பொய். உன் மூஞ்சி சுருங்குச்சே.”

“லேசா இடிக்குது. நல்லதுதானே? பிடிப்பா இருக்கு.”

“பிடிப்பா இருக்கிறதுக்கு நீ என்ன பாறையா ஏறப்போற?”

அதுதான் இந்தக் குடும்பத்து வியாதி. ஒரு வயது வித்தியாசத்தில் பிறந்த அக்காவும் தம்பியும் பள்ளிக்கூட நாள் தொட்டே பாறை ஏறியவர்கள். பாறை ஏறப் போடும் ஷூ விரல்களை மடக்கி, நசுக்கி, கண்ணில் தண்ணீர் வரவழைக்கும். தண்ணீர் வந்தால்தான் சரியான அளவு என்று இருவரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடு போன குளிர்காலத்தில் ஒற்றை அடுக்கு பூட்ஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு தம்பி பனிச்சுவரில் ஏறினான். இறுக்கத்தில் ரத்தம் ஓடவில்லை. பாதி வழியில் விரல்கள் மெழுகாக வெளுத்துப்போயின. அக்கா அவனைக் கயிற்றில் இறக்கி ஒரு திட்டில் உட்கார வைத்தாள். அவனுடைய வெறும் பாதங்களைத் தன் ஜாக்கெட்டுக்குள் விட்டு வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். விரல்கள் பிழைத்தன. ஏற்றம்தான் போயிற்று. அப்போதே அவளுக்கு இருமல் இருந்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சிரித்துவிட்டார்கள்.

இந்த வருடம் அதே சுவருக்குத் தம்பி வெள்ளிக்கிழமை கிளம்புகிறான். அக்காவின் இடத்தில் கயிறு பிடிக்க ஒரு பல் டாக்டர் வருகிறார். எல்லாம் தயார். தம்பியின் காலுக்கு இரட்டை பூட்ஸ் மட்டும் இன்னும் அமையவில்லை. வெளியே கெட்டியான கூடு, உள்ளே தனியாகக் கழற்றி எடுக்கக்கூடிய கதகதப்பான உள்பூட்ஸ். கடைக்கு நாலு தடவை போய், நாலு தடவையும் வெறுங்கையோடு வந்தான். பொறுமை இழந்த அக்கா கடைக்காரருக்கு போன் போட்டு, மூன்று ஜோடிகளை வீட்டுக்கே வரவழைத்துவிட்டாள்.

காலையில் வந்த நர்ஸ் அக்காவின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அத்தானை மட்டும் வாசலுக்கு அழைத்துப் பேசிவிட்டுப் போனாள். அத்தான் உள்ளே வந்து, பேக்கரிக்கு போன் செய்து, இன்று வரமாட்டேன் என்றார். ஏன் என்று அக்கா கேட்கவில்லை. “அந்த மூணு டப்பாவையும் பிரிங்க,” என்றாள்.

முதல் ஜோடி அகலம் போதாமல் கழிந்தது. இரண்டாவது இப்போது சுவரை உதைத்துத் தோற்றது. மிச்சம் இருந்தது ஆரஞ்சு நிறத்தில் ஒன்று.

“உள்பூட்ஸை உருவிட்டு வெறும் கூட்டுல காலை விடு. விரலை முன்னாடி தள்ளு. பின்னாடி ரெண்டு விரல் போகுதா?”

தம்பி குனிந்து குதிகாலுக்குப் பின்னால் விரல்களை நுழைத்தான். போயின. தடித்த காலுறையோடு முழுவதையும் மாட்டிச் சுவரை உதைத்தான். விரல் இடிக்கவில்லை. பரணில் சாமான் எடுக்க அத்தான் ஏறி நிற்கும் முக்காலியில் நுனிக்காலை ஊன்றி எழும்பிப் பார்த்தான். குதிகால் உள்ளே தூக்கவில்லை. மறுபடி மறுபடி எழும்பினான். எங்காவது ஒரு குறை கிடைக்காதா என்று தேடுகிறவன்போல இருந்தது அது.

“என்ன?” என்றாள் அக்கா.

“கனமா இருக்கு.”

“ரெண்டாவதைவிடக் கம்மி. டப்பாவுலயே போட்டிருக்கு.”

“கலர் கண்றாவியா இருக்கு.”

“அதுவும் நல்லதுக்குத்தான். காணாமப் போனா சீக்கிரம் கண்டுபிடிச்சிடலாம்,” என்றார் அத்தான்.

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அவளைப் படுக்கையில் சுருட்டிப் போட்டது. அத்தான் ஓடிவந்து முதுகைத் தாங்கிப் பிடித்தார். அது அடங்கியபோது அவளுடைய உதடுகள் நீலமாக இருந்தன.

“நாம நாளைக்குப் பார்க்கலாம்க்கா. நீ தூங்கு. கடைக்காரர்கிட்ட வேற கம்பெனி பூட்ஸ் ஒண்ணு வருதாம்.”

“இங்க வா.”

தம்பி அருகில் போனான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை. ஆனாலும் அவனால் நகர முடியவில்லை.

“நீ பூட்ஸ் எடுக்காம இழுத்தடிச்சா, நான் போகாம இருப்பேன்னு நெனச்சியா?”

அவன் ஆரஞ்சு பூட்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

“ரெண்டு வாரமா பார்க்கிறேன். கால்ல என்னடா குறை? கால் நல்லாத்தான் இருக்கு.” மூச்சு வாங்கினாள். “இதைச் சூடு பண்ணுங்க,” என்றாள் கணவனிடம்.

உள்பூட்ஸை இளஞ்சூட்டில் வைத்து, இளகியதும் காலில் மாட்டிக்கொண்டு அசையாமல் நின்றால், அது ஆறும்போது அந்தப் பாதத்தின் வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு அது வேறு யாருக்கும் ஆகாது.

அத்தான் தயங்கினார். “சூடு பண்ணிட்டா கடைக்காரர் திருப்பி எடுத்துக்க மாட்டாரு.”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

அத்தான் தம்பியைப் பார்த்தார். தம்பி குனிந்து பூட்ஸின் நாடாவை அவிழ்த்தான். பிறகு உட்கார்ந்து, கூட்டிலிருந்து உள்பூட்ஸ் இரண்டையும் உருவி அவர் கையில் கொடுத்தான்.

“இருபது வருஷமா இந்த ஓவன்ல பன்னும் கேக்கும்தான் வேகுது,” என்று முனகியபடி அத்தான் சமையலறைக்குப் போனார். “இனிமே எது வெந்தாலும் காலுறை வாசனைதான் வரும்.”

சூடான உள்பூட்ஸைக் கூட்டில் செருகி, அத்தான்தான் அவன் காலில் மாட்டிவிட்டார். அக்கா கட்டிலில் இருந்தபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். முன்னால் இடம் விட விரல் நுனிக்கு உறை போட்டாயா, குதிகாலைத் தரையில் தட்டினாயா, கணுக்காலில் முடிச்சு விழுந்ததா. கட்டிலுக்கு எதிரே ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு, முன்கால் உயர்ந்திருக்கும்படி அவனை அதன்மேல் நிறுத்தினார்கள்.

“அசையாதே,” என்றாள் அக்கா. “ஆறுற வரைக்கும்.”

“சரி.”

“டாக்டர் கயிறு பிடிக்கிறப்போ பேச்சு குடுக்காதே. அந்த ஆளு பதில் சொல்லியே பாதிக் கயிறை விட்டுடுவாரு.”

“நான் எதுக்குப் பேசப்போறேன்? அவரு என் வாயைத் திறக்கச் சொல்லாம இருந்தா சரி.”

அவள் உதடு சிரிப்பில் ஒரு பக்கம் கோணியது. கண்களை மூடிக்கொண்டாள். அத்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பாதத்தைச் சுற்றிச் சூடு இதமாக இறுகுவது தம்பிக்குத் தெரிந்தது. அவன் அக்காவின் மார்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது ஏறியது, இறங்கியது. வெகு நேரம் கழித்து மறுபடி ஏறியது. இறங்கியது. அத்தான் குனிந்து அவள் காதருகே ஏதோ சொன்னார். இன்னொரு தடவை, மிக லேசாக, ஏறியது.

அதன்பிறகு ஏறவில்லை.

தம்பியின் வலது கால் பலகையைவிட்டு எழும்பியது.

“நில்லு,” என்றார் அத்தான்.

“அத்தான்…”

“அசையாதேன்னு சொல்லியிருக்கா. இன்னும் சூடு இருக்கு.” அவர் பார்வை மனைவியின் முகத்தைவிட்டு நகரவில்லை. “நில்லுடா.”

தம்பி காலைத் திரும்பப் பலகையில் வைத்தான். குதிகாலை அழுத்தினான். தொடையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

அத்தான் எழுந்து ஆக்ஸிஜன் சிலிண்டரின் திருகை மூடினார். மாதக் கணக்கில் வீட்டில் ஓயாமல் கேட்ட சீறல் நின்றது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்ப்பது கேட்டது. அவர் குழாயைக் கழற்றினார். கன்னத்தில் குழாய் பதிந்த தடத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்துவிட்டார். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். ஒவ்வொன்றையும் அவசரமில்லாமல் செய்தார். தம்பி நின்றான்.

கடைசியில் அவர் அவன் முன்னால் வந்து குந்தினார். பூட்ஸின் நாக்கை விலக்கி, வெந்த ரொட்டியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி புறங்கையை உள்ளே வைத்தார். ஒரு பூட்ஸ். பிறகு மற்றது.

“இப்ப நடக்கலாம்.”

தம்பி பலகையைவிட்டு இறங்கி, கட்டில்வரை நடந்தான். தரை அதிர்ந்தது. அருகில் போய் மண்டியிடப் பார்த்தான். பனியில் நிற்பதற்கென்றே செய்த அந்த அடிப்பாகம் வளைந்து கொடுக்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றான்.

அத்தான் முக்காலியைக் கொண்டுவந்து அவனுக்குப் பின்னால் வைத்தார். அவன் அதில் உட்கார்ந்து, வளையாத கால்கள் இரண்டையும் கட்டிலுக்கு அடியில் நீட்டிக்கொண்டான்.