கதவு சாத்திய பிறகு

"இத எப்படிம்மா புடிக்கிறது? கடிச்சிடாதே?" என்று கேட்டார் ஹாஜிரா பீ.

"மவுஸ்னு பேருதான் ஆன்ட்டி, கடிக்காது," என்றாள் மதுவந்தி. கூட வந்திருந்த மகள் ஆஃப்ரீன் அம்மாவின் விரலைப் பிடித்துப் பொத்தானின் மேல் வைத்தாள்.

தொண்ணூற்றெட்டு மார்ச். தி. நகரில் மல்டிமீடியா சொல்லித்தரும் இன்ஸ்டிட்யூட்டில் அன்று மாணவர்களின் கண்காட்சி. மதுவந்தி செய்திருந்தது ஒரு விளையாட்டு. திரையில் அபார்ட்மென்ட் ஒன்று, நான்கு கதவுகள். ஆடுகிறவர் கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு. கதவைத் தொட்டால் மணி அடிக்கும், நிஜ மனிதர்கள் நிஜக் குரலில் பேசுவார்கள், தூக்கை வாங்கிக்கொண்டு அதில் வேறு ஏதாவது போட்டுத் தருவார்கள். வெறும் தூக்காக எந்த வீட்டிலிருந்தும் திரும்பாது. 'அக்கம்பக்கம்' என்று பெயர். மனுஷாளை மனுஷாளோடு சேர்த்து வைக்கிற வேலை என்று காலையில் வந்த நடுவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மதுவந்திக்கு அதைவிட ஹாஜிரா ஆன்ட்டி என்ன சொல்லப்போகிறார் என்பதுதான் பெரிதாக இருந்தது. அபிராமபுரத்தில் அவள் வீட்டுக்கு நேர் மேலே அவர் வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, வீடு பூட்டியிருந்த நாளெல்லாம் அங்கே போய் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதியவள் அவள். போன ரம்ஜான் பெருநாளன்று, "பாயசம் கொண்டு வரச்சே டேப்பை ஓட விட்டுக்கறேன் ஆன்ட்டி. எப்பவும் போலப் பேசுங்கோ," என்று அவளேதான் கேட்டுக்கொண்டாள்.

"சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், கம்ப்யூட்டர்ல நான் பேசறேன்னு," என்றபடி ஹாஜிரா பீ இரண்டாவது கதவை அழுத்தினார். மணி அடித்தது.

"மாமி, பெருநாள் பாயசம். சூடா இருக்கு."

"அடடா, எதுக்கு உங்களுக்கு சிரமம்? மதுவுக்கு உங்காத்துப் பாயசம்னா உசிராச்சே." இது மதுவந்தியின் அம்மா சுப்புலக்ஷ்மி.

கதவு சாத்தும் சத்தம். ஆஃப்ரீன் கைதட்டினாள். அடுத்த கதவு மினுங்க ஆரம்பித்தது. ஹாஜிரா பீயோ சாத்திய கதவையே பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மதுவந்திக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கதவு சாத்திய பிறகும் அன்றைக்கு டேப் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மிச்சத்தை வெட்டாமலே கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். அடுத்த கதவைத் தொட்டதும் முந்தைய சத்தம் நின்றுவிடும். ஆடிப் பார்த்த சிநேகிதர்கள் யாரும் சாத்திய கதவுக்கு முன்னால் நின்றதில்லை. அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டது, மறந்தே போய்விட்டது.

"அடுத்த கதவு, ஆன்ட்டி," என்று கையை நீட்டினாள்.

"இரும்மா. இன்னா அவசரம்."

ஸ்பீக்கர் பேசியது.

"அம்மா, இதையும் வாட்ச்மேனுக்கா?"

"பின்னே, நீ சாப்பிடப் போறியா?"

"ஐயே. அவாத்துத் தூக்குலேர்ந்தா?"

"மெதுவாப் பேசுடி, படியேறிண்டிருப்பா. நன்னா தேச்சுட்டு, சக்கரை போட்டுத் திருப்பிக் குடு."

அதற்கப்புறம் ஒரு சிரிப்பு. மதுவந்தியின் சிரிப்பு. இரவல் வாங்கிய நல்ல மைக், துல்லியமாகப் பதிந்திருந்தது.

ஹாஜிரா பீ மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"வாட்ச்மேன்னா, நம்ம தனபாலனா?"

மதுவந்தி நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு பெருநாளுக்கும் என்னப் பார்த்து, பாயசம் ஜோரு கீதும்மான்னுவாரு. வாசனையை வெச்சு சொல்றாருன்னு நெனச்சுட்டேன்."

"ஆன்ட்டி, அது வந்து…"

"இன்னும் ரெண்டு கதவு இருக்கே. ஆடிடறேன். ஆட்டோ நிக்குது."

மூன்றாவது கதவையும் நான்காவதையும் அழுத்தினார். கதவு சாத்துகிற சத்தம் முடிவதற்குள் விரல் அடுத்த இடத்துக்குப் போயிற்று. இந்த முறை அவர் காத்திருக்கவில்லை.

அவர்கள் போனதும் பக்கத்து மேஜை குருபிரசாத் எட்டிப் பார்த்தான். "ஏய், வேற யாரும் கவனிக்கல. அந்தத் துண்ட வெட்டித் தூக்கிப் போடு. பிரைஸ் உனக்குத்தான்."

வெட்டினாள். பரிசும் வந்தது.

"ஹாஜிரா வந்திருந்தாளாமே. என்ன சொன்னா?" என்று கேட்டாள் அம்மா, பரிசுக் கோப்பையைக் கண்ணாடி அலமாரியில் வைத்துக்கொண்டே.

"நன்னா இருக்குன்னா," என்றாள் மதுவந்தி.

பக்ரீத் வந்தது. மேல் வீட்டிலிருந்து இறங்கிய காலடி இவர்கள் வாசலில் நிற்காமல் கீழே போயிற்று. திரும்பி ஏறியபோதும் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மதுவந்தி கீழே போனாள். வாட்ச்மேன் தனபாலன் குழாயடியில் தூக்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இந்தவாட்டி பாய் வூட்டம்மா நேரா எங்கையிலயே குட்த்துட்டாங்கம்மா. உங்களுக்கு இன்னாத்துக்கு வீண் சிரமம்னாங்க."

"கொஞ்சம் மிச்சம் இருக்கா?"

"உனக்கா?" தனபாலன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ துன்னுவேன்னு யாரு கண்டா? முன்னாடியே கேட்டிருந்தா வெச்சிருப்பேனே."

"தூக்கையாவது குடுங்கோ. நான் திருப்பிக் குடுத்துடறேன்."

வீட்டுக்கு வந்து தூக்கு நிறையச் சர்க்கரை போட்டாள். என்ன சொல்வது என்று படியேறும்போது இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மணியடித்ததும் ஹாஜிரா பீயே வந்து திறந்தார்.

"தூக்கு, ஆன்ட்டி."

"இது தனபாலனுக்குக் குடுத்ததாச்சே. நீ எதுக்கும்மா…" மூடியைத் திறந்து பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

"ஆன்ட்டி, அன்னிக்கு நான்…"

"அடுப்புல வேலையிருக்கும்மா. அப்புறமா வா."

கோபமே இல்லாமல் சொன்னார். கதவும் சத்தமில்லாமல்தான் சாத்தியது. மதுவந்தி இறங்கவில்லை. அங்கேயே நின்றாள்.

உள்ளே ஆஃப்ரீனின் குரல் கேட்டது. "யாரும்மா?"

"மது. சக்கரை கொண்டாந்திருக்கு."

"அவங்க வீட்டுதா? தனபாலனுக்குக் குடுத்துடவா?"

"சீ, அது என்ன பேச்சு. நம்ம டப்பாலயே கொட்டு. எப்பவும் அதுலதான கொட்டுறோம்."

டப்பாவின் மூடி திறந்தது. பிறகு சர்க்கரை விழும் சத்தம், சன்னமாக, தூக்கு காலியாகிற வரைக்கும்.