பாலத்தில் நின்ற வண்டி

எங்கள் தொழிற்சாலையில் செய்யும் வண்டியில் இனி ஏறவே மாட்டேன் என்று என் மனைவி குய்ஃபென் சபதம் போட்டது எங்கள் கல்யாணத்தன்று. அதை இந்த வருஷம் வரை காப்பாற்றினாள். நான் காரில் சந்தைக்குப் போனால், அவள் பின்னாலேயே பேட்டரி ஸ்கூட்டரில் வருவாள். மழை பெய்தாலும் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அப்படித்தான். தெருவே சிரிக்கும். அந்தக் காரைச் செய்கிறவனுக்கு இதைவிட அவமானம் வேறு வேண்டுமா?

காரணம் இல்லாமல் இல்லை. அப்போது எங்களுடையது தொழிற்சாலையா பட்டறையா என்றே சொல்ல முடியாது. வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் பரப்பி, அதைப் பார்த்துப் பார்த்து அதேபோலச் செய்வோம். கதவு மூடாவிட்டால் சுத்தியலால் நாலு தட்டு. சோற்றுக் கிண்ணத்தை பானெட் மேல் வைத்தே சாப்பிடுவோம். அடடா, என்ன நாட்கள் அவை! அப்படிச் செய்து முடித்த முதல் சிவப்புக் காரைத்தான், முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு, என் கல்யாண ஊர்வலத்துக்கு முன்வண்டியாக வாங்கினேன்.

எங்கள் ஊர் வழக்கப்படி, பெண்ணை அவள் வீட்டிலிருந்து தூக்கி வண்டியில் வைத்துவிட்டால், மாப்பிள்ளை வீட்டு வாசல் வரை அவள் கால் தரையில் படக்கூடாது. வந்த வழியே திரும்பவும் கூடாது. கால்வாய்ப் பாலத்தின் நடுவில் கார் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. பின்னால் வந்த ஒரே வேனில் சீர்ப் பெட்டிகளும் மெத்தையும் அடைத்துக் கிடந்தன. வேறு வழி? குய்ஃபெனை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தேன்.

"கீழ போட்டுத் தொலைக்காதய்யா! ஊரே பாக்குது!"

"பாக்கட்டும். என் பொண்டாட்டியத்தானே தூக்கறேன்."

"அப்படியே உன் வண்டியையும் தூக்கிட்டு வா!"

வாசலில் இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தையே அந்தச் சபதம்தான்.

இந்த வசந்தத்தில் எங்கள் மகள் ஜிங்யாவுக்குக் கல்யாணம். அவள் எங்கள் தொழிற்சாலையிலேயே ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் கறுப்பு ஜெர்மன் கார்கள் பேசியிருந்தார்கள். முன்வண்டி மட்டும் நம் தொழிற்சாலையில் செய்ததாக இருக்கவேண்டும் என்று ஜிங்யாவ் ஒற்றைக் காலில் நின்றாள். எனக்கோ வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசையே அதுதான். குய்ஃபென் சம்மதிக்க வேண்டுமே!

"மெக்சிகோவுல வரிசையில நின்னு வாங்கறாங்கம்மா. கப்பல் கப்பலா போகுது."

"ஏன்டி, அந்த ஊர்ல பாலமே கிடையாதா?"

கடைசியில் ஒரு வழிக்கு வந்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் முன்வண்டியை ஓட்டி வழி பார்த்து வருவது வழக்கம். அதில் தானும் வருவாளாம். எங்காவது வண்டி மக்கர் பண்ணினால் ஜெர்மன் கார்தான், அப்புறம் யாரும் வாயைத் திறக்கக்கூடாது.

ஏறி உட்கார்ந்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் பொறுத்து, "யோவ், இன்னும் ஸ்டார்ட் பண்ணலியா?" என்றாள்.

"நல்லா பாரு. இது பேட்டரி கார், சத்தமே வராது. தெருமுனையே தாண்டியாச்சு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷமெல்லாம் பாலம் வரைக்கும்தான்.

"நிறுத்து," என்றாள் நடுப்பாலத்தில்.

"எதுக்கு? ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"நிறுத்துய்யான்னா!"

நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கிக் கால்வாயைப் பார்த்தாள்.

"இங்கதானே?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி. அந்த விளக்குக் கம்பத்துக்கிட்ட."

"உன் சட்டையெல்லாம் வேர்வை. என் முகப் பவுடர் பூரா அதுல ஒட்டிக்கிச்சு. வழி நெடுக என்னைச் சமாதானம் பண்ணிக்கிட்டே வந்த. நானும் திட்டிக்கிட்டே வந்தேன்." சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. "அதுக்கப்புறம் என்னிக்காவது என்கிட்ட அவ்வளவு நேரம் பேசியிருக்கியா நீ?"

பின்னால் ஹாரன் அடித்தார்கள். குய்ஃபென் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றினாள்.

"சரி, எடு. ஜிங்யாவ் இதுலயே போகட்டும்."

இத்தனை வருஷம் நான் காத்திருந்த வார்த்தை. காரை எடுத்தேன். எப்போது நகர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"பாவம் அவ," என்றாள் குய்ஃபென். "வழியில ஒண்ணுமே நடக்காம மாப்பிள்ளை வீட்டு வாசல்ல போய் இறங்கிடுவா."